ஐந்தாம் பாகம் பிறந்த கதை

கைப்பேசியில் ஆட்டத்தைத் திறந்ததும் முதலில் ஏரி வரும். அதன் மேல் வெள்ளை எழுத்தில் ஒரு வரி இரண்டு நொடி நின்று மறையும். ‘மூலக் கருத்து’ என்று போட்டு, பக்கத்தில் அக்காவின் பெயர். அந்த இரண்டு நொடியை நான் எத்தனை ஆயிரம் முறை பார்த்திருப்பேனோ தெரியாது. ஒவ்வொரு முறையும் வயிறு எரிந்தது என்று சொன்னால் மிகை என்பீர்கள். மிகையில்லை, எரிந்தது. சில நாள் கொஞ்சமாக, சில நாள் நன்றாகவே.

உத்திரமேரூரில் உட்கார்ந்து கைப்பேசி விளையாட்டு செய்கிறோம் என்றால் இன்றும் பலர் நம்புவதில்லை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கீழே ஜவுளிக் கடை, மேலே நாங்கள். கடை எங்கள் முதலாளியின் அப்பாவுடையது. முதலாளியை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும், நாங்களும் அப்படித்தான். பெங்களூரில் இதே தொழிலில் சில வருடம் இருந்துவிட்டு, அந்த ஊர் ஒத்துக்கொள்ளாமல் திரும்பி வந்து மாடியில் ஆறு மேசை போட்டார். அக்கா பெருநகரிலிருந்து வருவார், நான் சாலவாக்கத்திலிருந்து. அக்கா என்றால் உறவில்லை. என்னைவிட மூன்று வயது மூத்தவர், எனக்கு ஒரு வருடம் முன்னால் வேலைக்குச் சேர்ந்தவர். அந்த ஒரு வருடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் அவர் ‘மதகு’ ஆட்டத்தைச் செய்து வெளியே விட்டிருந்தார்.

மிக எளிய ஆட்டம் அது. ஒரு ஏரி, ஒரு மதகு, கீழே பன்னிரண்டு கழனி. மதகை எவ்வளவு திறப்பது, எந்த வாய்க்காலை அடைப்பது என்று விரலால் தள்ள வேண்டும். மேல் கழனிக்கே தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தால் கடைசிக் கழனி காயும். அந்தக் கழனிக்காரர் வரப்பில் வந்து இடுப்பில் கை வைத்து நிற்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார், நிற்பார், அவ்வளவுதான். அந்த ஆளைப் பார்க்கப் பொறுக்காமல்தான் ஜனங்கள் திரும்பத் திரும்ப ஆடினார்கள் என்று நினைக்கிறேன். வாய்க்காலில் ஓர் எருமையும் படுத்திருக்கும். சோதனைக்காகப் போட்டதை எடுக்க அக்கா மறந்துவிட்டார். தண்ணீரை மறித்துக்கொண்டு அது பாட்டுக்குக் கிடக்கும். ஆடியவர்கள் அந்த எருமையைக் கொண்டாடித் தீர்த்தார்கள். நான் செய்த இரண்டாம் பாகத்தில் ஒரு வரப்பு சரியாக ஒட்டாமல் தண்ணீர் கசிந்ததற்கு ஒரு வாரம் திட்டு வாங்கினேன். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

இரண்டாம் பாகம் எனக்கு வந்த விதமும் அப்படித்தான். பாய் முதலில் அக்காவிடம்தான் கேட்டார். “எனக்கு அதுல சொல்றதுக்கு ஒன்னும் பாக்கி இல்ல பாய், இதுகிட்ட குடுங்க” என்று என்னைக் காட்டினார் அக்கா. சாப்பிட்டு முடித்தவர் இலையைத் தள்ளி வைத்த மாதிரி இருந்தது எனக்கு. ஆனாலும் வாங்கிக்கொண்டேன். மூன்றாம் பாகத்தில் கிணறுகளைச் சேர்த்தேன், நான்காம் பாகத்தில் மழை.

விளையாட்டுத் துறை அரைத்த மாவையே அரைக்கிறது என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். பெரிய கம்பெனிகள் எல்லாம் ஏழாம் பாகம், எட்டாம் பாகம் என்று போட்டுக்கொண்டே போகின்றன, புதிதாக ஒன்றும் வருவதில்லை என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அரைக்கிறவளின் கைவலியை யாரும் கேட்பதில்லை. முதல் பாகம் செய்கிறவருக்கு யாரும் எதையும் எதிர்பார்க்காத ஒரு வெளி கிடைக்கிறது. எனக்குக் கிடைத்தது ஏற்கெனவே போட்ட வரப்பு. மாற்றினால் ‘பழையது போல இல்லை’ என்பார்கள், மாற்றாவிட்டால் ‘பழையதேதான்’ என்பார்கள். நன்றாக வந்தால் அக்காவின் யோசனை, சொதப்பினால் என் வேலை. மூன்று பாகமும் நன்றாகத்தான் ஓடின. பாய் எங்கள் எல்லோருக்கும் கொடுத்த சம்பளம் அந்தத் தண்ணீரில்தான் விளைந்தது.

நான்காம் பாகம் வந்த சமயத்தில், காஞ்சிபுரத்திலிருந்து ஒரு கல்லூரிக் கூட்டம் கேமராவோடு மாடியேறி வந்தது. “மதகு பண்ணவங்க யாரு?” என்று வாசலிலேயே கேட்டார்கள். பாய் அக்காவைக் கைகாட்டினார். அக்கா நியாயமானவர், அதை இப்போதும் சொல்வேன். “இப்ப வர்றதெல்லாம் இது பண்றதுங்க, நான் ஒன்னும் பண்றதில்ல” என்று என் பக்கம் திரும்பிச் சொன்னார். கேமரா என் பக்கம் திரும்பியது, ஒரு சிரிப்பு சிரித்தேன், அது மறுபடி அக்காவிடமே போய்விட்டது. அவர் அப்படி நியாயமாக இல்லாமல் கொஞ்சம் அல்பமாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

அதற்கு அடுத்த மாதம் அக்கா புது ஆட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். நடவு முடிந்த கழனியில் ஒரு கொக்கு நிற்கிறது. தண்ணீரில் மீன் அசைகிறது. திரையைத் தொட்டால் மீன் ஓடிவிடும். கைப்பேசி ஆடினாலும் ஓடிவிடும். ஆடாமல் அசையாமல் பிடித்துக்கொண்டு, சரியான நேரம் வரும்போது ஒரே ஒரு தடவை தொட வேண்டும்.

பாய் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “இன்னாம்மா இது, ஆடாம ஆடுற ஆட்டமா கீது?”

“ஆமா பாய். கம்முனு இருக்கணும். அதான் ஆட்டமே.”

அந்த வருடம் ஒரு ஆட்டம் செய்யத்தான் ஆளும் வசதியும் இருந்தது. கொக்கா, மதகு ஐந்தாம் பாகமா என்று பாய் யோசித்தார். கடைசியில் எங்கள் வழக்கப்படி முடிவைப் பஸ் நிலையத்துக்கு விட்டுவிட்டார். எங்களுக்குப் பரிசோதனைக் கூடம் அதுதான். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் கையில் கைப்பேசியைக் கொடுத்து, தள்ளி நின்று முகத்தைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். செய்தவர் போகக் கூடாது என்பது விதி. செய்தவர் முகத்தைப் பார்த்து ஜனங்கள் ‘நல்லா கீது’ என்று சொல்லிவிடுவார்கள். அதனால் நான் போனேன். “நீ பாத்து சொன்னா போதும், எனக்கு வேற யாரும் வேணாம்” என்று அக்கா நோட்டை என் கையில் கொடுத்தார்.

ஐந்து நாள் போனேன். பாதிப் பேர் ஒரு நிமிடத்தில் திருப்பிக் கொடுத்தார்கள், அது உண்மை. “தொட்டாலே பூடுதே, இன்னா கேம் இது” என்றார் ஒருவர். “அந்த மதகு அடுத்த பார்ட் எப்ப வரும்?” என்று மூன்று பேர் கேட்டார்கள், அதுவும் உண்மை. இவற்றைப் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டேன். மூன்றாம் நாள் மானாம்பதிக்குப் போக வேண்டிய ஓர் அம்மா வந்தார். உரக்கடைப் பை ஒன்றைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் கைப்பேசியைப் பிடித்தார். முதல் மீன் ஓடியது. இரண்டாவதும் ஓடியது. பிறகு அவர் முழங்கையை விலாவில் ஒட்டிக்கொண்டார். மூச்சைக்கூட மெதுவாக விட்டார். மானாம்பதி பஸ் வந்தது, கண்டக்டர் ஊர் பெயரைக் கத்தினார், ஜனம் ஏறியது, பஸ் போனது. அந்த அம்மா நிமிரவே இல்லை. வெகுநேரம் கழித்து ஒரு மீனைப் பிடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“அம்மா, உங்க பஸ்சு போயிடுச்சே” என்றேன்.

“போனா போவுது. நடவுல எந்நேரமும் குனிஞ்சிக்கினு இந்தக் கொக்குங்கள பாத்துக்கினேதான் இருப்பேன். அது இன்னா நினைச்சிக்கினு நிக்குதுன்னு இன்னிக்குதான் தெரிஞ்சுது” என்றார். அடுத்த பஸ் வரும்வரை கைப்பேசியைக் கேட்டு வாங்கி மறுபடி ஆடினார்.

நோட்டில் எழுதினேன். ஒரு சொல் விடாமல் எழுதினேன். எழுதும்போதே எனக்குத் தெரிந்தது, மதகில் இன்னும் எத்தனை பாகம் செய்தாலும் எனக்கு இப்படி ஓர் ஆள் கிடைக்க மாட்டார் என்று. இந்தக் கொக்கு வெளியே வந்தால் அதற்கும் இரண்டாம் பாகம் வரும், மூன்றாம் பாகம் வரும், அவற்றையும் என்னிடம்தான் கொடுப்பார்கள் என்றும் தெரிந்தது.

சனிக்கிழமை பாயின் மேசையில் மூவரும் உட்கார்ந்தோம். நான் நோட்டிலிருந்து படித்தேன். முதல் நாள், இரண்டாம் நாள், நான்காம் நாள், ஐந்தாம் நாள். பொய் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பக்கத்தைப் படிக்காமல் தாண்டிவிட்டேன், அவ்வளவே. “ஜனங்க மதகுதான் கேக்கறாங்க பாய்” என்று முடித்தேன். அக்கா நோட்டை வாங்கிப் பார்க்கவில்லை. பார்ப்பார் என்று பயந்துகொண்டே இருந்தேன். “இது சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்த் தன் மேசையில் உட்கார்ந்தார். ஐந்தாம் பாகம் அப்படித்தான் பிறந்தது. அந்த வருடக் கடைசியில் அக்கா வேலையை விட்டார். இப்போது செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லித் தருகிறார். அதற்குப் பிறகு அவர் எந்த ஆட்டமும் செய்யவில்லை.

இப்போது நான் ஏழாம் பாகத்தில் இருக்கிறேன். கூட்டங்களில் என்னைப் பேசக் கூப்பிடுகிறார்கள். தொடர் பாகங்களையே ஏன் நம்பியிருக்கிறோம் என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். ஜனங்கள் அதைத்தான் கேட்கிறார்கள், புதிதில் கைவைக்கப் பயம், நஷ்டம் வந்தால் யார் தாங்குவது என்று அடுக்குவேன். எல்லாம் சரியான காரணங்கள்தான். பொறாமையும் ஒரு காரணமாக இருக்கக்கூடும் என்று நான் இதுவரை எந்த மேடையிலும் சொன்னதில்லை.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு வந்த அக்கா கடைக்கு மேலே ஏறி வந்தார். கொஞ்சம் பருத்திருந்தார். கைப்பேசியில் ஆறாம் பாகம் ஆடிக்கொண்டிருந்தார். “ரெண்டு ஏரிக்கும் நடுவுல கால்வாய் வெட்டின பாரு, அது எனக்கு ஜென்மத்துக்கும் தோணியிருக்காதுடி” என்றார். எத்தனை வருடமாக இந்த ஒரு வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன் என்று அவருக்குத் தெரியாது. கேட்டபோது அது எனக்கு ஒட்டவில்லை. வேறு யாருக்கோ சொன்னதைக் குறுக்கே நின்று வாங்கிக்கொண்டது போல இருந்தது.

டீ குடித்தபடி சாதாரணமாகக் கேட்டார். “ஏன்டி, அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல அந்தக் கொக்க ஒருத்தர்கூடவா கடசி வரைக்கும் ஆடல?”

அந்த நோட்டு என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. என் முழங்காலுக்கு ஒரு சாண் தூரம்.

“ஒருத்தர்கூட இல்லக்கா” என்றேன்.

“அதான. நான்கூட சும்மா மனசுல வெச்சிக்கினு இருந்தேன்” என்று சொல்லிவிட்டு, ஆறாம் பாகத்தில் தனக்குத் தாண்ட முடியாத ஓரிடத்தைக் காட்டி எப்படிப் போவது என்று கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன்.