மரத்தடி அக்கா கேட்ட இடம்

அந்தப் பல்கலைக்கழகத்தில் அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவுக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவள் மரத்தடி அக்கா. வாகன நிறுத்தத்தில் இருந்த ஒரே மரத்தின் நிழலில் நிற்பது எப்போதும் அவளுடைய பழைய வெள்ளைக் கார்தான். அந்த இடத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் ஊர் சோம்பல் முறிக்கும் முன்பே வந்து சேர வேண்டும். எட்டு மணிக்கு வருகிறவனுக்கு வேலியோரம் கிடைக்கும். ஒன்பது மணிக்கு வருகிறவன் நூலகத்தை நாலு சுற்றுச் சுற்றி, கடைசியில் வெளியே யார் வீட்டு வாசலிலாவது நிறுத்தி, வாங்க வேண்டிய திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போவான்.

அக்காவுக்கு வயது முப்பத்தெட்டு. பட்டம் வாங்கிய கையோடு கல்யாணம், கல்யாணமான கையோடு இரண்டு பிள்ளைகள். பிற்பாடு மகனுக்கு வீட்டுக்கணக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தபோது பழைய கிறுக்கு திரும்பிவிட்டது. பையன் குறட்டை விட்ட பிறகும் அவன் புத்தகத்தில் மீதிக் கணக்குகளைப் போட்டுக்கொண்டிருந்தாள். "உனக்கு என்ன பைத்தியமா?" என்று கேட்ட கணவர்தான் கணித முதுகலையில் அவளைச் சேர்த்தும் விட்டார். நல்ல மனுஷன். ஒரே குறை, கண்ணெதிரே இருக்கிற சாவியைக்கூட "எங்கே?" என்று அவளைக் கேட்டுவிட்டுத்தான் பார்ப்பார்.

வீட்டில் அவள் புத்தகத்தைத் திறந்தால் போதும், எல்லோருக்கும் மூக்கு வியர்த்துவிடும். மகளுக்கு அந்த நிமிஷம்தான் பின்னல் அவிழும். மாமியாருக்கு டிவியில் சத்தம் வராது. யாரையும் கோபித்துக்கொள்ள முடியாது, எல்லோரும் பிரியமாகத்தான் தொந்தரவு செய்தார்கள்.

அதனால் அவள் தினமும் விடிகிற நேரத்தில் கிளம்பியது யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை. "பாவம், கார் நிறுத்த இடம் பிடிக்க இந்த ஓட்டம் ஓடுறா" என்று மாமியாரே காலைச் சமையலைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அக்கா மரத்தடிக்கு வந்து கண்ணாடியை ஏற்றிவிடுவாள். இருக்கையைப் பின்னால் தள்ளி, டிபன் டப்பாவை முன்னால் வைத்து, புத்தகத்தை ஸ்டியரிங்கில் சாய்த்து, வகுப்பு தொடங்கும்வரை கணக்குப் போடுவாள். பிறகு வகுப்புக்குப் போய், "என்ன பொழப்பு இது, ஒரு காரை நிறுத்தத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டியிருக்கு!" என்று அலுத்துக்கொள்வாள். அலுத்து அலுத்து அவளே அதை நம்பிவிட்டாள். அங்கேதான் வந்தது வினை.

மாணவர் தலைவனுக்கு மைக் என்று பெயர். அவன் பேச மைக் வேண்டியதில்லை என்பதால் வைத்த பெயர். கூடுதல் வாகன நிறுத்தம் கேட்டு அவன் நிர்வாகக் கட்டடத்தின் படிக்கட்டில் எல்லோரையும் உட்கார வைத்தான். பதிவாளர் அசைந்து கொடுக்கவில்லை. "சீக்கிரம் கிளம்பி வந்தா இடம் கிடைக்கும்பா" என்றார். மைக் நேரே மரத்தடிக்கு ஓடிவந்தான்.

"அக்கா, நீங்க வந்து பேசுங்க. உங்களைவிடச் சீக்கிரமா வர்றவங்க யாரு இருக்காங்க?"

போனாள். பேசினாள். பேச்சா அது! "சார், நான் ரெண்டு பிள்ளைகளுக்கு அம்மா. பிள்ளைங்க கண்ணு முழிக்கும்போது நான் வீட்டுல இல்ல. வயசான மாமியார் அடுப்படியில நிக்கிறாங்க. எல்லாம் எதுக்கு? ஒரு கார் நிக்கிற இடத்துக்கு!" பதிவாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெளியே கைதட்டல் அடங்கவில்லை. பாழடைந்த கிடங்கு ஒன்று இடிபட்டது, தார் விழுந்தது, வெள்ளைக் கோடுகள் விழுந்தன. ஆளுக்கொரு எண் கொடுத்தார்கள். ஒன்றாம் எண் அக்காவுக்குத்தான் என்று மைக் பிடித்த பிடியில் நின்றான்.

வீட்டில் கணவர் சந்தோஷத்தில் பூரித்துப்போனார். "அப்பாடா! இனிமே நிதானமா எட்டரைக்குக் கிளம்பு."

நிதானமாம்! முதல் வாரமே காலைச் சமையல் அவளிடம் திரும்பி வந்தது. "போற வழிதானே" என்று பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது சேர்ந்தது. அடுத்து இஸ்திரி, அடுத்து கணவரின் மதியச் சாப்பாடு. வகுப்பு மணி அடிக்கும்போது மூச்சு வாங்கிக்கொண்டு ஒன்றாம் எண்ணில் காரைச் செருகிவிட்டு ஓடுவாள்.

மாதிரித் தேர்வின் விடைத்தாள் வந்தது. எப்போதும் முதலிடத்தில் இருந்தவள் தேறவில்லை. அவளைவிட இளையவரான பேராசிரியை தணிந்த குரலில், "உடம்பு ஏதும் சரியில்லையா? இறுதித் தேர்வுக்கு இன்னும் ஒரு மாசம்தான் இருக்கு" என்றார். இந்தத் தேர்வில் கோட்டைவிட்டால் அடுத்த வருஷம் மகனுக்குப் பொதுத்தேர்வு. அப்புறம் படிப்புக்கு முழுக்குதான், அது அவளுக்குத் தெரியும். கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதாள். ஒரு கார் இடத்தைக் கேட்டு வாங்கித் தன் இடத்தைத் தானே தொலைத்துவிட்டாள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது மெல்லப் பொய் சொல்லிப் பார்த்தாள். "புது இடமும் நிறைஞ்சு போகுது. நாளையிலேர்ந்து பழையபடி காலையிலயே போகணும்."

"உனக்குத்தான் ஒண்ணாம் நம்பர் இருக்கேம்மா?" என்றாள் மகள்.

பொய் அத்தோடு சரி. உண்மையைத்தான் சொல்லியாக வேண்டும்.

"எனக்குக் காலையில ரெண்டு மணி நேரம் வேணும்."

"எதுக்கு?" என்றார் கணவர்.

"உக்கார."

மாமியாரின் கை தட்டில் நின்றது. "ஏன், இந்த வீட்டுல உக்கார இடமா இல்ல?"

"இடம் இருக்கு அத்தை. உக்காரத்தான் முடியல." சொல்லிவிட்டாள். "கார்லதான் படிச்சேன். இடம் பிடிக்கத்தான் போறேன்னு நானே நெனச்சுட்டு இருந்தேன். இப்ப இடம் இருக்கு, படிப்பு போச்சு."

மாமியார் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டார். ஊரெல்லாம் பாவம் என்று தனக்காகப் பரிந்து பேசிய மனுஷியைப் புண்படுத்திவிட்டோமே என்று அக்காவுக்குத் தூக்கம் வரவில்லை.

விடியும்போது காரை எடுக்கப் போனால், முன்னிருக்கையில் மாமியார் உட்கார்ந்திருந்தார். தலை வாரி, நல்ல சேலை கட்டி, மடியில் கைப்பை.

"எங்கேயாவது போகணுமா அத்தை?"

"உன்கூடத்தான். நானும் செத்த நேரம் உக்காந்துட்டு பஸ்ல வந்துடறேன்." கொஞ்சம் தயங்கினார். "பேச மாட்டேன்."

"அப்ப சமையல்?"

"அவன் செய்யட்டும். நாற்பது வருஷத்துல நான் ஒரு காலையாவது சும்மா உக்காந்து பாத்திருக்கேனா?"

பதினாறு வருஷமாக ஒரே அடுப்படியில் நிற்கிறார்கள், இது அக்காவுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. வண்டியை எடுத்தாள்.

புது நிறுத்தம் வெறிச்சென்று கிடந்தது. ஒன்றாம் எண்ணில் நிறுத்திக் கண்ணாடியை ஏற்றினாள், புத்தகத்தை ஸ்டியரிங்கில் சாய்த்தாள். மாமியார் சொன்ன சொல் தவறாமல், வாயைத் திறக்காமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கணக்கு முடிந்தது. மூன்றாவதில் பாதி வந்தபோது அக்காவின் போன் அடித்தது. திரையில் கணவரின் பெயர்.

அவள் கை தானாக நீண்டது. மாமியார் அதற்கு முன் போனை எடுத்து, தன் மகனின் பெயரை ஒரு முறை பார்த்து, சத்தத்தை அமுக்கிக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.

"நீ படி" என்றார்.