மலை எந்தக் கைப்பக்கம்?

போன பௌர்ணமி கிரிவலம். குபேர லிங்கத்தை நெருங்கும்போது, கட்டுரை முடிந்துவிட்டதா என்று கணவர் கேட்டார். முடிந்துவிட்டது என்று சொல்ல வாயைத் திறந்தேன். கடைசி வரியைக் காணோம்!

என் வழக்கம் உங்களுக்குத் தெரியும். நான் எழுதுவதெல்லாம் நடந்துகொண்டேதான். கிரிவலப் பாதையில் ஒவ்வொரு பத்தியையும் ஓர் இடத்தில் மாட்டி வைப்பேன். ஆரம்பம் அக்னி லிங்கத்தில், நடுப்பகுதி ஒரு கரும்புச்சாறு வண்டியருகில்... அப்புறம் மனதுக்குள் அதே பாதையில் நடந்தால் வரிசையாக வந்து நிற்கும். கடைசி வரியை வாயு லிங்கம் தாண்டி ஒரு புளியமரத்தில் மாட்டியிருந்தேன். மரம் ஞாபகம் இருக்கிறது. வரி இல்லை.

பத்திரிகையின் புதிய ஆசிரியர் அன்று காலைதான் போனில் சொல்லியிருந்தார். மாலை ஏழு மணிக்குள் கட்டுரை வரவில்லை என்றால் என் பக்கம் வேறொருவருக்குப் போய்விடும். வருடக்கணக்காகக் குடியிருக்கிற பக்கம்!

திரும்பிப் போகலாம் என்றேன். கணவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அத்தனை ஜனமும் ஒரே திசையில் வரும்போது எதிர்த்து நடப்பதா? நடந்தேன். தோளில் இடி, காலில் மிதி. ஓர் அம்மாள் வழிமறித்தே விட்டார்.

"பௌர்ணமியும் அதுவுமா எதிர்ல வர்றீங்களே... நல்லதுக்காம்மா?"

ஒன்று தொலைந்துவிட்டது என்றேன். நகையா என்று பதறினார்.

"அதுக்கும் மேலங்க" என்றார் கணவர்.

புளியமரம் வந்தது. நின்றேன். சுற்றி வந்தேன். ஒன்றும் வரவில்லை. மணி ஆறைத் தாண்டியிருந்தது. அழுகையே வந்துவிட்டது.

அப்புறம்தான் உறைத்தது. அந்த வரி தோன்றியபோது மலை என் வலக்கைப் பக்கம் இருந்தது. இப்போது இடக்கைப் பக்கம்! மரம் அதேதான் — நான் பார்க்கிற பக்கம்தான் வேறு. இன்னும் கொஞ்சம் பின்னால் போய், கூட்டத்தோடு கூட்டமாகத் திரும்பி மெதுவாக நடந்தேன். மரம் வந்தது. கூடவே வரியும் வந்தது, ஓர் எழுத்துக் குறையாமல்.

ஞாபகத்துக்கு இடம் மட்டும் போதாது போலிருக்கிறது. போன திசையும் வேண்டும்.

பாதையோரம் உட்கார்ந்து மொத்தத்தையும் போனில் தட்டினேன். அந்தக் கூட்டத்தில் சிக்னல் எங்கே கிடைக்கும்? வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது... ஏழடிக்கச் சற்று முன்னால் போய்ச் சேர்ந்தது. உடனே ஆசிரியரிடமிருந்து பதில்.

"வந்துடுச்சு மேடம். பக்கம் உங்களுக்குத்தான். கடைசி வரி மட்டும் தேவைப்படல, எடுத்துட்டேன்."

போகட்டும். அது எங்கே இருக்கிறது என்றுதான் எனக்குத் தெரியுமே!