பெண்கள் பக்கத்து ஒன்ஸ்மோர்

எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி போடுகிறவர் காலையில் பெட்டியைத் திறந்து கரியை விசிறுவார். முழுதாகப் பற்றாத, உள்ளே ஈரம் தங்கிய கரியின் வாடை முதலில் மூக்கில் ஏறும். பிறகு தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த வாடை வந்தால் நான் கையில் இருக்கிற வேலையை விட்டுவிடுகிறேன். பெரிதாக ஒன்றும் நேர்ந்துவிடுவதில்லை. நெஞ்சு அடைப்பதில்லை, கண் கலங்குவதில்லை. கால் மரத்துப்போனால் அது நம் கால்தானா என்று தட்டிப் பார்க்கிறோமே, அந்த மாதிரி நின்று எனக்குள்ளே தட்டிப் பார்க்கிறேன். கீரனூரிலிருந்து புதுக்கோட்டைக்குப் போகும் கரி பஸ் உள்ளே எங்கேயோ இருமிக்கொண்டு கிளம்புகிறது. முன் இருக்கையின் சன்னல் ஓரத்தில் பெரிய டீச்சர் உட்கார்ந்திருக்கிறார்.

யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸுக்கெல்லாம் முதுகில் ஓர் அடுப்பைக் கட்டிவிட்டார்கள். கிளீனர் பின்னால் நின்று அடுப்பின் விசிறிச் சக்கரத்தைச் சுற்றுவார், கரி கனலும், வண்டி மனசு வந்தால் நகரும். நார்த்தாமலைப் பக்கத்து மேட்டில் ஆண், பெண், மூட்டை முடிச்சு எல்லாம் இறங்கி நடக்க வேண்டும். வண்டி வெறும் வயிற்றோடு மேடேறி அந்தப் பக்கம் காத்து நிற்கும். நான் ஆவூர்க்காரி. கீரனூரில் சித்தி வீட்டில் தங்கி, புதுக்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். பெரிய டீச்சரும் கீரனூர்தான். புகுந்த வீடு. எனக்கு எத்தனையோ வருஷம் மூத்தவர். பள்ளியிலும் பஸ்ஸிலும் அவரைப் பெரிய டீச்சர் என்றே எல்லோரும் சொல்வார்கள்.

பஸ் நேரத்தை அவர் ஒருநாளும் சும்மா விட்டதில்லை. போகும்போது பாடக்குறிப்பு எழுதுவார். வண்டி குலுங்குகிற இடமெல்லாம் அவருக்கு மனப்பாடம், பேனா தானாகத் தூக்கிக்கொள்ளும். திரும்பும்போது மடியில் முறத்தை வைத்துப் புளியில் கொட்டை எடுப்பார், அல்லது உதிரிப் பூவை வாங்கிக் கட்டுவார். நாங்கள் கீரனூரில் இறங்கும்போது சரம் முடிந்திருக்கும். எனக்கும் ஒரு துண்டு கிள்ளித் தருவார்.

“டீச்சர், புளியங்கொட்டைய இங்கிட்டுச் சிந்தாதீங்க. எவனாவது வழுக்கி விழுந்தா எம் மேல கேசாயிரும்” என்பார் கண்டக்டர்.

“விழுந்தா எந்திரிச்சுக்குவாங்க. ஒங்க வண்டி மாதிரி விழுந்த எடத்துலயே படுத்துக்க மாட்டாங்க” என்பார் இவர், தலை நிமிராமல்.

ஒருநாள் காலையில் பாடக்குறிப்பு இல்லை. பையிலிருந்து ஒரு பாட்டுப் புத்தகத்தை எடுத்தார். நாடகக் கொட்டகை வாசலில் விற்கிற, மட்டக் காகிதத்தில் அச்சடித்த புத்தகம். அட்டையில் கிரீடம் வைத்த ராஜபார்ட் நடிகர். அந்த நாளில் அவர் வருகிறார் என்றால் வண்டி கட்டிக்கொண்டு சனம் போகும். எனக்குச் சிரிப்பு வந்தது. பள்ளியில் பாட்டு முணுமுணுத்த பெண்களை வெயிலில் நிறுத்துகிறவர் இவர்.

“சிரிக்காதீங்க டீச்சர். ஒங்க சித்தப்பாதானே இவரோட ரசிகர் சங்கத்துல இருக்காரு? அந்தச் சங்க மாநாட்டுக்குப் பொம்பளைங்க சீட்டு ரெண்டு வாங்கித் தருவாரா?” என்றார்.

பிறகு, கரிப் புகைக்கு முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் ஏதோ அடுத்த வீட்டுச் சங்கதி போலச் சொன்னார். அவர் கணவர் ஆர்மோனியம் வாசிப்பவர். பல வருஷத்துக்கு முன்னால் மதுரைப் பக்கம் ஒரு நாடக செட்டோடு போனார். ஆரம்பத்தில் கடிதம் வந்தது, பிறகு நின்றுபோனது. காலராவில் போய்விட்டார் என்று ஒருவர் வந்து சொன்னார். இல்லை, இந்த ராஜபார்ட்டுக்காரரிடம் தாடி வைத்துக்கொண்டு வாசிக்கிறார் என்று இன்னொருவர் சொன்னார். வீட்டில் நாத்தனாருக்குக் கல்யாணம் கூடியிருந்தது. மூத்தவன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று தெரியாத வீட்டில் எப்படிப் பந்தக்கால் ஊன்றுவது என்று கொழுந்தனார் கேட்டார். நியாயமான கேள்விதான். தர்ப்பைப் புல்லில் ஓர் உருவம் செய்து, அதற்குக் கணவர் பெயரைச் சொல்லிக் கொள்ளி வைத்து, கருமாதி முடித்துவிடுவது என்று பெரியவர்கள் பேசிவிட்டார்கள். அப்படி நடந்தால் அன்றைக்கே இவர் தாலி இறங்கிவிடும்.

“ஒரு தடவ போயிப் பாத்துட்டு வந்துர்றேன், அப்பறம் என்ன வேணாலும் செய்யுங்கன்னு சொல்லியிருக்கேன்” என்றார். “உசுரோட இருக்கிற மனுசனுக்குப் புல்லக் கொளுத்திறப்படாதுல்ல?”

சித்தப்பா சீட்டு வாங்கித் தந்துவிட்டார். ஆனால் சீட்டு இருந்தால் மட்டும் உள்ளே விட மாட்டார்கள். அந்த நாளில் எதிர்க் கோஷ்டி நடிகரின் ரசிகர்கள் சீட்டை எப்படியோ பிடித்து உள்ளே வந்து, நல்ல பாட்டின் நடுவில் கனைப்பார்கள், விசிலடிப்பார்கள். அதற்காக வாசலில் ஒரு பரீட்சை வைத்திருந்தார்கள். பல்லவி கேட்க மாட்டார்கள். பல்லவி மாடு மேய்க்கிறவருக்கும் தெரியும். ஏதாவதொரு பாட்டின் சரணத்தைக் கேட்பார்கள். சொல்கிறவர்தான் அசல் ரசிகர்.

அப்படியாக எங்கள் பஸ் நேரம் பாட்டு வகுப்பாக மாறியது. நான் ஆவூர்க் கோயிலில் பாடிப் பழகியவள், மெட்டு பிடித்துவிடுவேன். அவருக்கு வரவே இல்லை. டிரில் வகுப்பில் கத்திக் கத்தித் தடித்த குரல். தூக்குச்சட்டி மூடியில் தாளம் தட்டிக்கொண்டு, வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி சரணங்களை ஒப்பிப்பார். ஆர்மோனியக்காரர் வீட்டில் வாழ்ந்தவருக்கு எப்படி இது வராமல் போனது என்று ஒருதரம் கேட்டுவிட்டேன்.

“அவுக வாசிக்கிறப்ப நான் அடுப்படியில இருப்பேன். காதுல விழும், உள்ள எறங்காது” என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, “எடது தோள் மட்டும் மேல ஏறும். ஒசரத்துக்குப் போறப்ப கீழ் ஒதட்டக் கடிச்சுக்குவாக. அது தெரியும் எனக்கு” என்றார்.

கண்டக்டர் பொறுத்துப் பார்த்தார். “என்ன டீச்சர், வேலைய விட்டுட்டுக் கம்பெனியில சேரப் போறீங்களா?” என்றார்.

“ராஜபார்ட்டு வேசம் காலியா இருக்காம். நீங்க வாரீங்களா?”

பஸ் முழுக்கச் சிரித்தது. சன்னலுக்கு வெளியே பொட்டல், கள்ளி, பாறை, மறுபடி பொட்டல். அவர் அடுத்த சரணத்துக்குப் போய்விட்டார்.

மாநாடு ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில். புதுக்கோட்டையில் தகரக் கொட்டகை. பெண்கள் வாசலில் ரோஜா நிற ரிப்பன் குத்திய ஒரு பெண் எங்களை நிறுத்தி, புத்தகத்தின் கடைசிப் பாட்டில் சரணம் கேட்டாள். பெரிய டீச்சர் கைகளைப் பக்கவாட்டில் நீட்டி வைத்துக்கொண்டு, இன்ஸ்பெக்டர் முன்னால் நிற்கிற பிள்ளையைப் போல, ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

“ராகத்த விட்டுட்டீங்களேம்மா?”

“ராகம் உள்ள இருக்கு. வழி விடு.”

உள்ளே மூங்கில் தட்டிக்கு இந்தப் பக்கம் பெண்கள். சூடு, விசிறி, மல்லிகை, குழந்தைகளின் மூத்திர வாடை. மேடையில் தீர்மானங்கள் வாசித்தார்கள். நடிகர் சினிமாப் பக்கம் போய்விடக் கூடாது என்று ஒன்று. போனாலும் எங்களை மறக்கக் கூடாது என்று அடுத்தது. எதிர்க் கோஷ்டியை யாரோ பெயர் சொல்லாமல் வைதார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பிறகு திரை விலகி நடிகர் வேஷமில்லாமல், ஜிப்பாவோடு வந்து உட்கார்ந்தார். பக்கவாட்டில் ஆர்மோனியத்தின் முன் ஒரு தாடிக்காரர்.

பாட்டு தொடங்கியது. நான் நடிகரைப் பார்க்கவில்லை. இடது தோள் மேலே ஏறியது. பாட்டு உச்சிக்குப் போனபோது தாடிக்கு மேலே கீழுதடு பல்லுக்குள் போனது. பெரிய டீச்சர் பக்கம் திரும்ப எனக்குத் தைரியமில்லை. என் கையை அவர் பிடிப்பார் என்று நினைத்துக் கையைப் பெஞ்சின் மேல் வைத்திருந்தேன். யாரும் பிடிக்கவில்லை. வைத்திருந்த கை அப்படியே கிடந்தது.

பாட்டு முடிந்து கைதட்டல் அடங்குகிற நேரம். ஒன்ஸ்மோர் கேட்பது ஆண்கள் பக்கத்து உரிமை. பெண்கள் பக்கத்திலிருந்து அப்படி ஒரு குரல் எந்த நாடகத்திலும் எழுந்ததில்லை. பெரிய டீச்சர் எழுந்து நின்றார். பள்ளி மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகிற அதே குரலில், “ஒன்ஸ்மோர்” என்றார்.

கொட்டகை முழுக்கத் திரும்பியது. தட்டிக்கு மேலாக எட்டிப் பார்த்தார்கள். நடிகர் மகிழ்ந்து சிரித்து, ஆர்மோனியக்காரரைக் கையால் காட்டினார். ஆர்மோனியக்காரர் பாதி எழுந்தார். எங்கள் பக்கம் நேராகப் பார்த்தார். நின்றுகொண்டிருந்த ஒரே பெண்ணைப் பார்த்தார். கண்ணாடி போட்டு, முன்நரை கண்டு, இளைத்துப்போன ஒரு ரசிகையை. நெஞ்சில் கை வைத்து, ரசிகைகளுக்கு எப்படிக் குனிவார்களோ அப்படிக் குனிந்தார். உட்கார்ந்து, தோள் ஏற, முதலிலிருந்து வாசித்தார்.

முழுப் பாட்டையும் பெரிய டீச்சர் நின்றபடியே கேட்டார். பின்னாலிருந்தவர்கள் முனகினார்கள். இடைவேளையில் மேடை ஓரத்துக்கு ஒரு பெண் வந்தாள். தோளில் ஒரு பெண் குழந்தை தூங்கியது. ஆர்மோனியக்காரர் அவள் கையிலிருந்து வெற்றிலையை வாங்கிப் போட்டுக்கொண்டு, குழந்தையின் வாயோரத்தை மேல்துண்டால் துடைத்துவிட்டார். இதையும் நாங்கள் பார்த்தோம். பெரிய டீச்சர் குனிந்து காலடியில் கிடந்த பையை எடுத்துக்கொண்டார். “போவமா டீச்சர்?” என்றார்.

சாயங்கால பஸ். அவர் பூ வாங்கவில்லை. புளி இல்லை. கைகளை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு வந்தார். அந்தக் கைகள் சும்மா இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கும் ஏதாவது தோன்ற வேண்டும் என்று காத்திருந்தேன், ஒன்றும் தோன்றவில்லை. மலாயாவில் இருந்த என் அண்ணனிடமிருந்து கடிதம் வராத மாதங்களில் எங்கள் வீட்டிலும் இப்படித்தான் இருந்தது. பேசுவோம், சாப்பிடுவோம், எதுவும் உள்ளே போய்ச் சேராது. நார்த்தாமலை மேட்டில் எல்லோரும் இறங்கி நடந்தோம். வெயில் தாழ்ந்து பாறைகள் சிவந்திருந்தன. அவர் மற்றவர்களைவிட்டுப் பின்தங்கி நடந்தார்.

“அவுகதான்” என்றார்.

நான் தலையாட்டினேன்.

“கோவிச்சுக்கிட்டுத் தலையக் குனிஞ்சிருந்தாக்கூட தேவலையா இருந்திருக்கும். சத்தத்தக் கேட்டும் தெரியல, பாத்தும் தெரியல. இவ்வளவு நாளும் நான் யாருக்காகச் சரணம் படிச்சேன்?” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “நான் போயி இருக்காகன்னு சொன்னேன்னு வைங்க, கொழுந்தன் நாளைக்கே போயி இழுத்துக்கிட்டு வந்துரும். அந்தப் பிள்ளைய என்ன பண்ணுறது?”

மேட்டுக்கு அந்தப் பக்கம் வண்டி இருமிக்கொண்டு நின்றது. ஏறிக்கொண்டோம்.

அவரைப் பற்றி இதற்கு மேல் எனக்கு அதிகம் தெரியாது. கருமாதிக்குப் பிறகு ஆவுடையார்கோவில் பக்கம், பிறந்த ஊருக்குப் போய்விட்டார். அங்கே ஒரு பள்ளியில் சேர்ந்தார் என்று கேள்வி. நாத்தனார் கல்யாணம் நன்றாக நடந்தது, நானும் போய்ச் சாப்பிட்டேன். அந்த ராஜபார்ட்டுக்காரர் சினிமாவுக்குப் போனார். எனக்குக் கல்யாணமாகி, ஊர் மாறி, நான் பஸ்ஸில் உட்கார்ந்து எழுதப் பழகினேன். குலுக்கலில் பேனாவைத் தூக்க மட்டும் இன்னும் வரவில்லை. அவர் செய்தது சரியா என்று பல வயதுகளில் பலவிதமாக யோசித்திருக்கிறேன். ஒரு பதிலும் நிலைத்து நிற்பதில்லை. நிற்பது கீரனூர் பஸ் நிற்கும் இடம் மட்டும்தான்.

அன்றைக்கு நாங்கள் வந்து சேர்ந்தது விளக்கேற்றுகிற நேரம். கொழுந்தனார் டீக்கடை ஓரத்தில் காத்திருந்தார். நாங்கள் இறங்குவதற்குள் கிட்டே வந்துவிட்டார். நல்ல மனிதர். முகத்தில் பயம் இருந்தது.

“மதினி, அண்ணன் இருந்துச்சா?”

“இல்லப்பா. அது வேற யாரோ.”

அவர் என்னைப் பார்த்தார். “டீச்சர், நீங்களும் பாத்தீங்களா?”

“பெரிய டீச்சருக்குத் தெரியாததா எனக்குத் தெரியும்?” என்றேன்.

அவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அண்ணன் செத்தது அவருக்கு அந்த நிமிஷம்தான். பெரிய டீச்சர் அவர் அழுது முடிக்கட்டும் என்று நின்றார். முதுகில் கை வைத்து, “நட, அத்தைக்கிட்ட நான் சொல்றேன்” என்றார். கொழுந்தனார் முன்னால் நடந்த பிறகு என் பக்கம் திரும்பினார். நெற்றியில் காலையில் வைத்த குங்குமம் வியர்வையில் கொஞ்சம் கரைந்திருந்தது.

“புதன்கிழமை எட்டாம் வகுப்புக்குக் கணக்குப் பரீட்சை இருக்கு. நான் வர நாளாகும். நீங்க பாத்துக்கங்க, ஆத்தா.”