டிக்கா, டொக்கா

"சாவியத் திருகுனப்ப டிக்குன்னுச்சா, டொக்குன்னுச்சா?"

பானெட்டைத் திறக்கும் முன் ரொனால்ட் இதைத்தான் கேட்பார். தலத்தெருவில் அவருடைய ஷெட்டுக்கு வருபவர் பேங்க் மேனேஜராகவே இருந்தாலும் வாயால் அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டியாக வேண்டும். சிலருக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். அவரோ கண்ணை மூடிக்கொண்டு, கச்சேரி கேட்பவர்போலத் தலையாட்டுவார். வெள்ளைச் சட்டைதான் போடுவார், கிரீஸ் பட்டால் முகம் சுருங்கும். மெக்கானிக்குக்கு இப்படியும் ஒரு வியாதி.

'மாத்திப் பாப்போம்' என்ற பேச்சு மட்டும் அவருக்கு ஆகாது. "எது கெட்டுச்சுன்னு தெரியாம மாத்துறதுக்கு நான் எதுக்குங்க?" என்பார்.

அப்பேர்ப்பட்டவரையே கீர்த்திகாவின் பதினாறு வருஷத்துக் கார் அலைக்கழித்தது. திருநள்ளாற்றில் வீட்டு வாசலில் முரண்டு பிடிக்கும், ஷெட்டுக்கு வந்தால் நல்ல பிள்ளையாகக் கிளம்பும். அம்மா சொர்ணாம்பாளை வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு அவள் கூட்டிவருவது அதில்தான். போன செவ்வாய்க்கிழமை வழியில் நின்று, ஆஸ்பத்திரி சேர இரண்டு மணி நேரம் தாமதம். அந்த அம்மாளுக்கு மூச்சு வாங்கியதாகக் கேள்விப்பட்டதிலிருந்து ரொனால்டுக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஷெட்டில் நிறுத்திய கார் மறுபடி கிளம்ப மறுத்தது. ரொனால்ட் ஒருவருக்குத்தான் அதில் சந்தோஷம்.

"சாவியத் திருகுனா ஹெட்லைட்டு, உள்லைட்டு, டேஷ்போர்டு லைட்டு மூணும் ஒண்ணா மங்குது பாருங்க. மூணும் ஒரே நேரத்துல கெட்டுப்போவாது. எல்லாத்துக்கும் பொதுவா இருக்கறது, கரண்டு பேட்டரிக்குத் திரும்பி வர்ற எர்த்து வயருதான்."

பேட்டரியிலிருந்து இன்ஜினுக்குத் தனியாக ஒரு வயரைப் பிடித்தார். ஒரே திருகலில் கிளம்பிவிட்டது.

"உள்ள வேற யாராச்சும் கைவச்சாங்களா?"

"யாரும் வைக்கல அங்கிள்" என்ற கீர்த்திகா, ஆஸ்பத்திரிக்கு போன் செய்யத் தெருப்பக்கம் போனாள். சொர்ணாம்பாள் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தார்.

ரொனால்ட் பேட்டரியைக் கழற்றித் தூக்கினார். அதன் அடியில், எர்த் வயரைப் பிடித்திருக்கும் போல்ட்டில், கம்பியில் கோத்த எலுமிச்சம்பழமும் மிளகாயும். பழம் அழுகி ஒழுகிய இடத்தில் பாசிபோலப் பச்சை பூத்திருந்தது.

"ரெண்டு மாசம் முன்ன கட்டுனது தம்பி. வெளிய தொங்குனா அவ சிரிக்கிறா. கோயில் வாசல்ல ஒரு ஆள விட்டு உள்ள கட்டச் சொன்னேன்." சொர்ணாம்பாளின் குரல் இறங்கியது. "வழியில நிக்கக் கூடாதுன்னுதான்."

வேறு யாராக இருந்தாலும் ரொனால்ட் வாங்கு வாங்கென்று வாங்கியிருப்பார். இப்போது கம்பியை மட்டும் வெட்டினார், போல்ட்டைச் சுரண்டிப் பளபளப்பாக்கி இறுக்கிவிட்டு, பேட்டரியைத் திரும்ப மாட்டினார்.

"என்னாச்சு அங்கிள்?" என்று கேட்டபடி திரும்பி வந்தாள் கீர்த்திகா.

"கடக்கரை காத்து. எர்த்து போல்ட்டு பாசம் புடிச்சிருச்சு. ஏறி உக்காருங்க, நேரமாச்சு."

அவள் ஏறியதும் பக்கத்து ஜூஸ் கடையில் ஒரு எலுமிச்சம்பழம் வாங்கிவந்தார். நூலில் கோத்து, பானெட்டுக்குள் வயர் எதுவும் போகாத பிளாஸ்டிக் மூலையில் கட்டினார். முடிச்சை ஒருமுறை இழுத்து, இன்னும் ஏறாமல் பக்கத்தில் நின்ற சொர்ணாம்பாளுக்குக் காட்டிவிட்டு, சத்தம் வராமல் பானெட்டை மூடினார்.