மூன்றாம் ஓலைக்கு முந்தின சனிக்கிழமை

பிரிஜெட் பியானோ வாசிப்பாள் என்பது கண்டோன்மெண்டை ஒட்டின ஜீவனஹள்ளியில் எல்லாருக்கும் தெரியும். எங்கே வாசிக்கிறாள் என்பதுதான் தெரியாது.

அவளுடைய அம்மா கன்னியர் மடத்தில் சமையல்காரி. மடத்துப் பியானோவில் விளையாட்டாகக் கைவைத்த பெண்ணை ஒரு சிஸ்டர் பிடித்து உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். அதனால் மாதா கோயிலில் ஆர்மோனியம் அவள் பொறுப்பு. புருஷன் தியோடர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தவர். நெஞ்சில் சளி கட்டி அவர் வீட்டோடு உட்கார்ந்தபோது, ஆர்மோனியத்தால் அடுப்பெரியவில்லை.

அந்தச் சமயம் யுத்தம் வந்தது. கண்டோன்மெண்டில் எங்கே திரும்பினாலும் வெள்ளைக்காரச் சிப்பாய்கள். பெரிய துரைமார் தங்களுக்குள் ஆடிக்கொண்டிருந்த காலம் போய், டிக்கெட் வாங்கினவன் எவனும் ஆடலாம் என்று கிளப்புகள் முளைத்தன. எவனும் என்றால் வெள்ளைக்காரன் எவனும். நம்மவர்கள் பின்வாசல் வழியாகப் போய்ப் பரிமாறலாம், தட்டுக் கழுவலாம், வாத்தியம் வாசிக்கலாம். அப்படி ஒரு கிளப்பில் பியானோக்காரன் பட்டாளத்துக்குப் போய்விட, டிரம்ஸ் வாசிக்கும் கிளாரன்ஸ் என்ற ஆங்கிலோ இந்தியர் பிரிஜெட்டைக் கூப்பிட்டுப் போனார்.

முதலாளிக்கு ஒரே நிபந்தனை. மேடையில் புடவை கூடாது. சாமான் அறையில் புடவையை மடித்துவைத்துவிட்டு, கறுப்பு கவுன் போட்டு, உதட்டுக்குச் சாயம் பூசி, தலையைச் சுருட்டி முடிந்துகொண்டு போய் உட்காருவாள். யாராவது விசாரித்தால், "மெட்ராஸ் ஆங்கிலோ இந்தியன் லேடி" என்று பரிமாறுகிற பேரர்கள் சொல்லிவிடுவார்கள்.

வீட்டுக்குள் இதில் ஒளிவுமறைவு இல்லை. மகள் மௌரீனே அம்மாவின் கவுனுக்கு இஸ்திரி போடுவாள். சிக்கல் அவளுக்கு வரன் வந்தபோதுதான் ஆரம்பித்தது.

லிங்கராஜபுரத்து ஓஸ்வால்ட் வாத்தியாரின் இரண்டாவது பையன். நல்ல இடம். ஆனால் அந்த வாத்தியார், மூத்தவனுக்குப் பேசிய சம்பந்தத்தை, அந்தப் பெண்ணுடைய அண்ணன் டான்ஸ் ஹாலுக்குப் போகிறான் என்று கேள்விப்பட்டு அப்படியே உதறிவிட்டு வந்தவர். பெண் பார்க்க வந்த அன்று அவர், "அம்மா வேலைக்குப் போறாங்களாமே?" என்று கேட்டார்.

தியோடர் முந்திக்கொண்டார். "ஒரு துரைசானி வீட்டுப் பிள்ளைங்களுக்குப் பியானோ சொல்லிக்குடுக்கறா."

பிரிஜெட் காபித் தட்டோடு நின்றிருந்தாள். வாத்தியாருக்குக் காபியை நீட்டினாள். அவர்கள் போன பிறகு மௌரீன்தான் கத்தினாள். "ஏம்ப்பா பொய் சொன்னே? நாளைக்குத் தெரிஞ்சா என்னைத்தானே கேப்பாங்க?"

"தெரியறதுக்குள்ள தாலி ஏறிடும்" என்றார் தியோடர்.

ஓலை போட்டார்கள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, பெண்ணின் கோயிலிலும் மாப்பிள்ளையின் கோயிலிலும், இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று சாமியார் பூசையில் படிக்க வேண்டும். இரண்டு ஓலை முடிந்தது. இனி மூன்றாவதைப் படிக்க வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இரண்டு ஓலையோடு நின்ற பெண்ணை அப்புறம் எவன் கேட்டு வருவான்?

மூன்றாம் ஓலைக்கு முந்தின சனிக்கிழமை, பிற்பகல் தேநீர் நடனம். கூடம் நிரம்பியிருந்தது. விமானப்படைக்காரன் ஒருவனும் தரைப்படைக்காரன் ஒருவனும் ஒரே பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு முறைத்துக்கொண்டிருந்தார்கள். போன மாதம் இப்படி ஆரம்பித்துத்தான் நாற்காலிகள் பறந்தன. மிலிட்டரி போலீஸ் வந்து கிளப்பைக் கொஞ்ச நாள் பூட்டிப்போட்டது. அதிலிருந்து வாத்தியக்காரர்களுக்கு ஒரு சட்டம்: சண்டை கிளம்புகிற மாதிரி இருந்தால் பாட்டு நிற்கக் கூடாது. பாட்டு ஓடுகிறவரைக்கும் மற்றவர்கள் ஆடிக்கொண்டிருப்பார்கள். நின்றால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். பார்த்தால் கட்சி சேருவார்கள்.

அந்த நேரத்தில் வாசல் திரை விலகியது. விமானக் குண்டுக் காவல் தொண்டர்களுடைய ஏ.ஆர்.பி. பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு ஓஸ்வால்ட் வாத்தியார் உள்ளே வந்தார். இருட்டினதும் விளக்கு வெளிச்சம் தெருவுக்குக் கசியாதபடி ஜன்னல்களில் கறுப்புத் துணி சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தன்னார்வத்தில் வந்திருக்கிறார்.

பிரிஜெட் பார்த்துவிட்டாள். பியானோவுக்குப் பின்னால் இருக்கும் திரைக்குள் நழுவ ஓரடி போதும். கைகளைத் தூக்கினாள்.

"கையெடுக்காதே மேன்!" என்று டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து கிளாரன்ஸ் சீறினார். "அங்கே பாரு, அவன் பாட்டில் தூக்கறான்!"

கைகளைத் திரும்ப வைத்தாள். முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு வாசித்தாள். வாத்தியார் ஒவ்வொரு ஜன்னலாகத் துணியை இழுத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். மேடைக்குப் பக்கத்து ஜன்னல்தான் கடைசி. அங்கே நின்றார். அவர் சட்டையின் சலவைக் கஞ்சி வாசனை வந்தது. அவள் தோள் இரண்டும் திறந்த கவுன்.

"யாருப்பா இந்தம்மா?" என்று பேரரிடம் கேட்டார்.

"மெட்ராஸ் ஆங்கிலோ இந்தியன் லேடி, சார்."

கொஞ்சம் நின்றார். போய்விட்டார். கூடத்தில் அந்த இரண்டு சிப்பாய்களும் எப்போதோ சமாதானமாகி, இருவரையும் விட்டுவிட்டு அந்தப் பெண் மூன்றாமவனோடு ஆடிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் தியோடர் கேட்டார், "உன்னைத் தெரிஞ்சுதா அவருக்கு?"

"தெரியாமத்தான் யாருன்னு கேட்டாரா, தெரிஞ்சுதான் கேட்டாரா, எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப சும்மா இரு. நாளைக்கு ஒரு நாள் தாண்டினா போதும்."

சும்மா இருக்க முடியவில்லை. ஞாயிறு முதல் பூசையில் ஜீவனஹள்ளிக் கோயிலில் மூன்றாம் ஓலை வாசித்தார்கள். யாரும் எழவில்லை. ஆனால் லிங்கராஜபுரத்தில் பூசை பின்னால்தான். அங்கே படித்தால்தான் படித்தது. ஆர்மோனியத்தை மூடிவிட்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ரயில் பாதையைத் தாண்டி நடந்தாள். வாத்தியார் எழுந்து சொல்வதைவிடத் தானே சொல்லிவிடுவது மேல் என்று பட்டது. அவருக்குத் தெரியாமலிருந்தால்? அதை யோசித்தபோது கால் நின்றது. அப்புறம் நடந்தது.

வாத்தியார் கோயில் வாசலில் தனியாக நின்றுகொண்டிருந்தார். "வாங்க சம்பந்தியம்மா, இவ்வளவு தூரம்?"

"நேத்து கிளப்புல பியானோ வாசிச்சது நான்தாங்க."

அவர் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

"அந்தக் கவுன்..." என்றவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோயில் மணி அடித்தது. ஜனங்கள் உள்ளே போனார்கள். "என்கிட்ட ஏம்மா சொன்னீங்க? சொல்லாமலே இருந்திருக்கலாமே!"

"உங்களுக்குத் தெரிஞ்சுடுச்சுன்னு நெனைச்சேன்."

"இப்ப தெரிஞ்சுடுச்சு. இனி நான் என்ன பண்றது?"

"என் பொண்ணு ஆடப் போகலைங்க. ஆட்டத்துக்குப் போற ஆளு நான். நானும் ஆடல, வாசிக்கறேன். அதுலதான் அவ படிச்சா, அவ அப்பாவுக்கு மருந்து. முன்னாடியே சொல்லியிருந்தா பெண் பார்க்க வந்திருப்பீங்களா?"

"வந்திருக்க மாட்டேன்." ஒளிக்காமல் சொன்னார்.

உள்ளே போய்விட்டார். பிரிஜெட் பெண்கள் பக்கத்துக் கடைசித் தூணோரம் முழங்காலிட்டாள். பிரசங்கம் காதில் ஏறவில்லை. சாமியார் காகிதத்தை எடுத்தார். பையன் பெயர், தகப்பன் பெயர், மௌரீன், தியோடர், ஜீவனஹள்ளி. தடை ஏதும் அறிந்தவர்கள். ஆண்கள் பக்கம் ஒரு பெஞ்சு கிறீச்சென்றது. ஓஸ்வால்ட் எழுந்திருந்தார். பிரிஜெட்டின் கை தூணைப் பற்றியது. எழுந்தவர், பக்கத்துக் கிழவர் வெளியே போக வழிவிட்டு, மறுபடி உட்கார்ந்தார். சாமியார் காகிதத்தை மடித்தார்.

பூசை முடிந்து வாத்தியாரே அவளைத் தேடிவந்தார். குரல் தாழ்ந்திருந்தது.

"கல்யாணம் நடக்கும். எம்பையன் உங்க பொண்ணுமேல உசிரா இருக்கான், அவனுக்காக. ஆனா நீங்க அந்த வேலையில இருக்கறவரைக்கும் எங்க வீட்டுப் படி ஏற வேண்டாம். தப்பா நினைச்சுக்காதீங்க."

"தப்பாத்தான் நினைப்பேன்" என்றாள் பிரிஜெட். "ஆனா சரிங்க."

அந்த வேலையை அவள் விடவில்லை. யுத்தம் முடிந்து சிப்பாய்கள் கப்பலேறி, கிளப் மூடுகிற வரைக்கும் போய்க்கொண்டுதான் இருந்தாள். மகளின் முதல் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்குக்கூட லிங்கராஜபுரத்தில் அவள் கால் படவில்லை.

அந்த ஞாயிறு வீட்டுக்கு வந்ததும், "ஓலை முடிஞ்சுது" என்று மட்டும் சொன்னாள். மற்றதை உலை வைத்த பிறகு சொன்னாள். தியோடர் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். மௌரீன் அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.

"நான் இங்க வரக்கூடாதுன்னு சொன்னாரா?"

"அதைச் சொல்லல."

"அப்ப வருவேன். நீ வீட்டுல இருக்கற நாளாச் சொல்லு."