அற்புதராணி போட்ட புள்ளடி

குருநகரில் மீன் விற்கும் அற்புதராணிக்கு அரசியல் என்றால் அவளுடைய அப்பு வாக்குப் போட்ட சின்னம், அவ்வளவுதான். ஏனென்று கேட்டால், "உதென்ன கேள்வி?" என்று சண்டைக்கு வருவாள். எண்பத்தொன்பதில் அந்தச் சுகமும் இல்லாமல் போயிற்று.

தேர்தலுக்கு மூன்று கிழமைக்கு முன், கடலால் வந்து கரையேறிய அவள் புருஷன் சிமியோனை இந்திய ஆமி பிடித்துக்கொண்டு போனது. முகாம் வாசலில் நாள் தவறாமல் போய் நின்றாள். ஆள் உள்ளே இருக்கிறானா என்றுகூட ஒருவரும் சொல்லவில்லை. அப்போதுதான் செல்வரட்ணம் வீடு தேடி வந்தான். அவள் போகும் தேவாலயத்துப் பங்குப் பிள்ளைதான். இப்போது ஆமியோடு துவக்குத் தூக்கித் திரியும் இயக்கத்தில் இருந்தான். அவர்களுடைய ஆளும் தேர்தலில் நின்றார்.

"அக்கா, கட்சிக்கு ஒரு புள்ளடி, எங்கடை ஆளின்ரை இலக்கத்துக்கு ஒரு புள்ளடி. அவர் தேர்தலிலை வெண்டா அண்ணையை நாங்கள் முகாமிலையிருந்து எடுத்துத் தருவம்."

"ஓம் தம்பி, போடுறன்" என்றாள். வேறென்ன சொல்வாள், பாவம்.

மதில்களிலோ, வாக்குப் போடக் கூடாது என்று ஆமியோடு சண்டை பிடிக்கும் மற்ற இயக்கம் துண்டு ஒட்டியிருந்தது. "விரலிலை மையைக் கண்டா விடுவாங்களே? போகாதையடி" என்று பக்கத்து வீட்டுக் கத்தரீனா மன்றாடினாள். அற்புதராணிக்கும் பயம்தான். ஆனாலும் அடுப்புக்கரியால் மீன்பெட்டி மூடியில் பெருக்கல் குறிபோலப் புள்ளடி கீறிப் பழகினாள்.

வாக்குப் போடும் பள்ளிக்கூடத்தில் வரிசையே இல்லை. சுண்டுவிரலில் மை பூசினார்கள். மறைப்புக்குள் போய்ப் பென்சிலைக் கையில் எடுத்தாள். புருஷன் கடலில் வள்ளம் இறக்கும்போதெல்லாம் அதன் முகப்பில் பெருவிரலால் சிலுவை போட்டு அனுப்பிய கை அது. சிமியோனை நினைத்து, "யேசுவே" என்று கீறினாள். பார்த்தால் இரண்டு கட்டத்திலும் சிலுவை நேரே நிற்கிறது. புள்ளடி என்றால் சாய்ந்தல்லவா இருக்க வேண்டும்? இது செல்லுமா? யாரிடமாவது கேட்கலாம் என்றால் வாசலில் செல்வரட்ணம் நின்றான். சீட்டை மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்தாள்.

அவர்களுடைய ஆள் தோற்றுப்போனார். சிமியோனும் வரவில்லை.

"உங்கடை பக்கத்துப் பெட்டியிலை வாக்கே இல்லையக்கா. நான் என்ன செய்ய?" என்றான் செல்வரட்ணம், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

"நான் போட்டனான் தம்பி." விரலை நீட்டினாள்.

"உதைக் கொண்டுபோய் நான் ஆருக்குக் காட்டுறது?"

தன் சிலுவைகள் செல்லாமல் போனதால்தான் எல்லாம் கெட்டது என்று அவள் நம்பினாள். ஒரு சீட்டால் எவரும் தோற்பதில்லை என்று கோயில் பாதர் சொல்லியும் மனம் ஆறவில்லை. சந்தையில் விரலைப் பார்த்தவர்கள் மீன் வாங்கப் பயந்து விலகிப் போனார்கள். மை போகட்டும் என்று சாம்பல் போட்டுத் தேய்த்தாள். நகக்கண்ணில் கிடந்தது போகவில்லை.

கத்தரீனாவுக்கு மனம் பொறுக்கவில்லை.

"இவ்வளவு சொல்லியும் போய்ப் போட்டியே, ஆருக்கடி போட்டனி?"

"சிமியோனுக்கு" என்றாள் அற்புதராணி.