ரூட்டு மாறின போன்

மொபைல் சர்வீஸ் கடைக்காரனை ஜனங்க நல்லவன்னு நினைக்கிறது, செத்த போன் ஆன் ஆகறதுல இருந்து அவங்க வீடு போய்ச் சேர்ற வரைக்கும்தான். இந்தத் தொழில்ல மாட்டிக்கினவங்க எல்லாருக்கும் இது தெரியும். தெரியாதவங்க ஒரு வாரம் என் கடையில வந்து உட்கார்ந்து பாருங்க.

என் கடை ஒரகடத்துல, கம்பெனி பஸ் நிக்கிற இடத்துக்கு எதிர்ல. டிஸ்ப்ளே மாத்தறது, சார்ஜிங் பின் போடறதுன்னு எல்லாரும் பண்றதைத்தான் நானும் பண்றேன். கூட ஒண்ணு உண்டு. 'இது பழசு, இனிமே அப்டேட் கிடையாது'ன்னு கம்பெனிக்காரன் கைகழுவின போன்ல, அவன் போட்ட ஓஎஸ்ஸை, அதான் போனையே ஓட்டற சாஃப்ட்வேரை, எடுத்துட்டு வேற ஓஎஸ் போட்டுக் குடுப்பேன். எந்தெந்த ஊர்லயோ உட்கார்ந்துகினு யார் யாரோ எழுதி நெட்ல சும்மா குடுக்கற ஓஎஸ் அது. அதைப் போடணும்னா, கம்பெனிக்காரன் போனுக்குள்ள போட்டு வச்சிருக்கிற பூட்டை முதல்ல திறக்கணும். திறந்தா உள்ள இருக்கிறதெல்லாம் அழிஞ்சிடும். இவ்ளோதான் விஷயம். இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டைத் தண்ணி வத்திப் போச்சு.

வெளியில அப்படியேதான் இருக்கு

சம்பத் சார் ஸ்ரீபெரும்புதூர்க்காரர். கூடப் பிறந்தவங்க கோயில் கைங்கரியத்துல இருக்காங்க, இவர் பேங்க்ல. ஒரு மெசேஜைத் திறக்கறதுக்குள்ள காபி ஆறிடுதுன்னு போனைக் கொண்டாந்தார். அழிஞ்சிடும்னு சொன்னேன், தலையாட்டினார். ராத்திரி பகலா முக்கி, புது ஓஎஸ் போட்டு வச்சேன். தொட்டா திறக்குது, அப்படி ஒரு வேகம்.

மனுஷன் அதைத் திறந்தே பார்க்கல. முன்னாடி திருப்பினார், பின்னாடி திருப்பினார், மூலையில இருந்த கீறலைத் தடவிப் பார்த்தார். அப்புறம் என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்க, நான் என்னமோ அவர் வூட்டுல புகுந்து திருடின மாதிரி. "ஏம்ப்பா, நான் குடுத்த அதே போனைத்தானே திருப்பிக் குடுக்கறே, இதுல நீ என்ன மாத்தினே?"

மூஞ்சியைக் காட்டினாதான் வேலை

செல்வி கோவில்பட்டிப் பக்கத்துப் பொண்ணு. இங்க ஹாஸ்டல்ல தங்கி, கார் பார்ட்ஸ் கம்பெனி ஒண்ணுல கான்ட்ராக்ட் வேலை. அவ போனோட கேமராவைச் சுத்தி ஸ்டிக்கர் பசை. கேட்ல செக்யூரிட்டி தினமும் கேமரா மேல ஸ்டிக்கர் ஒட்டுவான், உள்ள எதையும் படம் எடுக்கக் கூடாது. இந்த லட்சணத்துல லேபர் கான்ட்ராக்ட்காரங்க ஒரு ஆப் விட்டிருக்காங்க. அவங்கவங்க போன்ல மூஞ்சியைக் காட்டினாதான் அட்டெண்டன்ஸ். அதனால கேட்டுக்குப் போறதுக்கு முன்னாடி, பஸ் ஏறுற இடத்துலயே நின்னு காட்டிடணும். ஒருத்தர் போன்ல இன்னொருத்தர் காட்ட முடியாது.

செல்வி போன்ல அந்த ஆப் ஏறவே இல்ல, பழைய ஓஎஸ். மாசக் கடைசியில கான்ட்ராக்டைப் புதுப்பிக்கிறாங்க, ஆப்ல ஆப்சென்ட் விழுந்தா பேர் வராது. புது போன் வாங்க வழியில்ல, தம்பி பைக் தவணையே அவ தலையில ஓடுது. எல்லாம் அழிஞ்சிடும்மா, நல்லா யோசிச்சுக்கோன்னு சொன்னேன். யோசிக்கவே இல்ல. "உள்ள என்னண்ணே இருக்கு, எல்லாம் போட்டும், பி ஷிப்ட் பஸ் வாரதுக்குள்ள போட்டுத் தருதியளா?"

இன்சார்ஜ் குடுத்த சர்டிபிகேட்

புது ஓஎஸ் போட்டதும் ஆப் ஜம்முனு ஏறிச்சு. மறுநாளே ஹாஸ்டல் பாதி என் கடையில. எல்லாப் போனும் பழசு, எல்லாத்துலயும் அதே பசை. சந்தோஷமா இருந்துச்சுன்னு சொன்னா பொய்யில்ல.

கான்ட்ராக்ட் ஆபீஸ்ல இன்சார்ஜ் பாலாஜின்னு ஒருத்தன். பக்கத்துக் கடையில டீ குடிக்க வந்தவன் என் தோள்ல தட்டினான். "சூப்பர் பாஸ், புது போனுக்கு இன்னா பண்றதுன்னு இதுங்க என் உசுரை எடுத்துகினு இருந்துச்சுங்க, இனிமே எல்லாத்தையும் உங்ககிட்டயே அனுப்பிடறேன்."

வல்லக்கோட்டை ரூட்

கொஞ்ச நாள் கழிச்சு ஆப்புக்கு ஒரு அப்டேட் வந்துச்சு. அன்னிக்குக் காலையில இருந்து நான் ஓஎஸ் மாத்தின எல்லாப் போன்லயும் சிவப்பு எழுத்துல இங்கிலீஷ் வருது: போன் 'ரூட்' ஆயிடுச்சு, உள்ள விட முடியாது. ரூட்டுன்னா எங்க பாஷையில, போனோட மொத்த அதிகாரத்தையும் கைப்பத்தறது. நான் அதைப் பண்ணவே இல்ல. ஆனா பூட்டு திறந்திருந்தாலே இந்த ஆப்புக்கு அது திருட்டுப் போன்.

செல்வி அந்தச் சிவப்பு எழுத்தை பாலாஜிகிட்ட காட்டியிருக்கா. அவன் 'ரூட்'டை மட்டும் படிச்சான். பஸ் ஏறுற இடத்துலதானே அட்டெண்டன்ஸ், இது பஸ் ரூட் பிரச்சனைன்னு முடிவு பண்ணி, அவளை ஸ்ரீபெரும்புதூர் ரூட்ல இருந்து எடுத்து வல்லக்கோட்டை ரூட்ல போட்டுட்டான். பாவம், அவ ஹாஸ்டல்ல இருந்து ஷேர் ஆட்டோ புடிச்சு வல்லக்கோட்டைக்குப் போய், அங்க நின்னு மூஞ்சியைக் காட்டியிருக்கா. அங்கயும் அதே சிவப்பு. விஷயம் தெரிஞ்சு நான் பாலாஜிக்கு போன் போட்டு, அது இந்த ரூட் இல்லய்யான்னு விளக்கினேன். "ரூட்டுன்னா எங்களுக்கு பஸ் ரூட்டுதான் பாஸ், வேற ரூட்டு எதுனா இருந்தா உங்க கடையோட வச்சிக்கோங்க."

வந்தா, ஆனா வரல

பழைய ஓஎஸ்ஸையே திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஆப் ஏறல. மறுபடி புதுசைப் போட்டேன். ஏறிச்சு, உள்ள விடல. மத்த பொண்ணுங்க தவணையில புது போன் வாங்கிட்டாங்க. செல்விக்குத் தவணைக்காரன் தரமாட்டேன்னுட்டான், பைக் தவணை ஓடுதே. அவ தினமும் பஸ்ல போனா, லைன்ல நின்னா, கேன்டீன்ல சாப்பிட்டா. ஆப்ல மட்டும் அவ வரல. கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற லிஸ்ட்ல அவ பேர் இல்ல.

மனசு கேக்கல, கடையைச் சாத்திட்டு அவ கூட கான்ட்ராக்ட் ஆபீஸுக்குப் போனேன். நான் போட்ட ஓஎஸ்ஸாலதான் இந்த வம்பு, பொண்ணு மேல தப்பில்லன்னு பாலாஜிகிட்ட சொன்னேன். அவன் கோபப்படவே இல்ல, அதான் எனக்கு இன்னும் வயித்தெரிச்சல். "வந்தா பாஸ், நானே என் கண்ணால பார்த்தேன், ஆனா ஆப்ல வரலையே."

வெளியில வந்தோம். போனை அவ கையில வாங்கி, வேற எதுனா பண்ண முடியுமான்னு நோண்டினேன். ஒண்ணும் முடியல. அவ என்னைத் திட்டுவான்னு காத்துகினு இருந்தேன், திட்டியிருந்தா எனக்கு ஆறியிருக்கும். அவ போனை வாங்கிக்கிட்டு ஏதோ தட்டினா, தட்டிக்கிட்டே சொன்னா. "உங்கள ஒண்ணும் சொல்லலைண்ணே, ஊருக்கு பஸ் டிக்கெட் போடுத ஆப் நல்லாத்தான் தொறக்குது."

ஒரகடத்துல செத்த போனுக்கு உசுரு குடுக்க என்னால முடியும், அதைக் கையில வச்சிருக்கிற ஆள் உசுரோட வேலைக்கு வந்தான்னு ஒத்துக்க வைக்கத்தான் எந்த ஓஎஸ்ஸும் இன்னும் வரல.